பட்டாசுக் கடையும் ஜவுளிக் கடையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் இரண்டு கடைகளில் கூட்டம் நெரியும். ஒன்று ஜவுளிக் கடை, இன்னொன்று பட்டாசுக் கடை. பட்டாசுக் கடையை நெருங்கும்போதே பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். பக்கத்தில் ஒருவர் பீடியைப் பற்றவைத்தால் நாலு பேர் சேர்ந்து சத்தம் போடுகிறோம். ஜவுளிக் கடைக்குள் கால் வைத்ததும் அந்தக் கை தானாக விலகிவிடுகிறது. பிள்ளை மாடிப்படியில் அடுக்கிவைத்த சேலைக் கட்டுகளின் மேல் ஏறி விளையாடும். தலைக்கு மேலே நாலைந்து ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தொங்கும். நாம் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

தீ என்று வரும்போது இந்த இரண்டு கடைகளையும் அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாளைய எண்ணம். இரண்டும் சிறு வியாபாரம். இரண்டுக்கும் வருமானத்தில் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களில்தான். ஒன்றின் மேல் சட்டம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறது. மற்றதன் பக்கம் திரும்புவதே இல்லை.

இரண்டு சம்பவங்களிலிருந்து தொடங்கலாம். 2020இல் தீபாவளி நவம்பர் 14ஆம் தேதி வந்தது. கொரோனா ஊரடங்கில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த வியாபாரிகள் அந்த ஆண்டில் முதன்முதலாக நல்ல விற்பனையைப் பார்த்த பண்டிகை அது. அன்று விடிவதற்கு முன்பே, மதுரை தெற்கு மாசி வீதிப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக் கடை தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மேல் கட்டடம் இடிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். தீபாவளி விடியலில் அவர்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தச் செய்திதான்.

அடுத்த ஆண்டு, 2021 அக்டோபர் 26. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் கடைவீதி நடுவே பட்டாசு வைத்திருந்த ஒரு கடை மாலை நேரத்தில் வெடித்துச் சிதறியது. பக்கத்து பேக்கரியில் இருந்த எரிவாயு சிலிண்டர்களும் சேர்ந்து வெடித்தன. ஐந்து பேருக்கு மேல் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் அதைவிட அதிகம்.

இரண்டும் பண்டிகைச் சரக்கில் பிடித்த தீதான். ஆனால் தீ நடந்துகொண்ட விதம் வேறு, பலி வாங்கிய விதம் வேறு. சங்கராபுரத்தில் இறந்தவர்கள் அந்த நேரத்தில் அங்கே இருந்ததால் இறந்தார்கள், ஓட நேரமில்லை. மதுரையில் தீப்பிடித்த பிறகு வந்தவர்கள் இறந்தார்கள். ஏனென்றால் அங்கே தீ நின்று நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

இந்த வேறுபாட்டின் வேர் சரக்கில் இருக்கிறது. பட்டாசு மருந்துக்குள் எரிபொருளோடு அது எரியத் தேவையான ஆக்சிஜனைக் கொடுக்கும் நைட்ரேட் உப்பும் சேர்ந்தே இருக்கிறது. வெளிக்காற்றை அது எதிர்பார்ப்பதில்லை. ஆகவே ஈரச் சாக்கைப் போட்டு மூடினாலும், மணலைக் கொட்டினாலும், ஏற்கெனவே பற்றிக்கொண்ட பெட்டியின் உள்ளே எரிவதை நிறுத்த முடியாது. ஒரு பொறிக்கும் பேரழிவுக்கும் நடுவே இருப்பது சில விநாடிகள். பட்டாசுக் கடையில் தண்ணீர் டிரம்மும் மணல் வாளியும் வைப்பது, தீ பட்டாசைத் தொடும் முன்பே அதைத் தடுக்கத்தான். தொட்டுவிட்டால் பிறகு ஓட்டம்தான்.

துணி அப்படியில்லை. பருத்திக் கட்டு ஒன்றின் மேல் ஒரு பொறி விழுந்தால், உள்ளுக்குள் கனன்று கனன்று, மணிக்கணக்கில் புகைந்து, பிறகுதான் சுடர்விடும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். விழுந்த இடமெல்லாம் பற்றும். ஒவ்வொரு சேலையையும் சுற்றியிருக்கும் பாலித்தீன் உறை அதற்குத் துணை. அந்த நேரத்தில் வரும் கரும்புகையில் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கும். தீ நம்மைத் தொடும் முன் புகை தொட்டுவிடும். ஆனாலும் தொடக்கத்தில் ஜவுளிக் கடை நமக்குச் சில நிமிடம் தருகிறது. ஒரு ஆள் விழித்திருந்து, கருகல் நாற்றத்தை மோந்து, மெயினை அணைத்து, ஒரு தீயணைப்பானைத் திறந்தால் காரியம் முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த நிமிடங்களில் கடையில் ஆள் இருப்பதில்லை. மதுரைத் தீ விடியலுக்கு முன் பிடித்தது. சென்னை தியாகராய நகரில் 2017 மே 31 அன்று சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பிடித்த தீயும் அதிகாலைத் தீதான். அது சின்னக் கடை இல்லை, ஏழு மாடி. ஆனாலும் பாடம் ஒன்றே. உள்ளே இருந்த துணியே விறகாக, ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. பகலில் தீப்பிடித்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள் என்ற ஆறுதலும் முழு உண்மையில்லை. பகலில் உள்ளே நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருப்பார்கள், படிக்கட்டில் சரக்கு இருக்கும்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். பட்டாசு விற்பனையைக் கட்டுப்படுத்துவது 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள். அதில் 83ஆம் விதி நிரந்தரக் கடைக்கு, 84ஆம் விதி பண்டிகைக்குப் போடும் தற்காலிகக் கடைக்கு. இரண்டையும் நிதானமாகப் படித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. வெடிமருந்தைப் பற்றிப் பேச வேண்டிய விதிகள் பாதி இடத்தில் ஒயரையும் சுவிட்சையும் கதவையும் பற்றிப் பேசுகின்றன.

தற்காலிகக் கடை எரியாத பொருளால் கட்டியதாக இருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி, பாதுகாக்க வேண்டிய மற்ற கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி. கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்கோ எரிவாயு விளக்கோ கூடாது. மின்விளக்கு வைத்தால் சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்க வேண்டும். ஒயரில் கட்டித் தொங்கவிடக் கூடாது. சுவிட்சுகளும் சுவரில் அசையாமல் பதிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முதன்மைச் சுவிட்ச்.

நிரந்தரக் கடைக்கு இன்னும் கடுமை. தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். அடித்தளமோ இடைத்தளமோ ஆகாது. மேலே குடியிருப்பு கூடாது. மாடிப்படிக்கோ லிஃப்டுக்கோ கீழே, பக்கத்தில் கூடாது. வெளியே திறக்கும் கதவு, தனி வாசல். ஒயரிங் எல்லாம் குழாய்க்குள்ளோ வேறு பாதுகாப்புக்குள்ளோ போக வேண்டும். மெயின் சுவிட்ச் கடைக்கு வெளியே, சட்டென்று கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியில் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஜவுளிக் கடைத்தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். மெயின் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கடைக்குள்ளே, கல்லாவுக்குப் பின்னால். அதன் முன்னே ஒரு சாமி படம், படத்துக்கு ஒரு சீரியல் செட், ஒரு காலண்டர். தீபாவளிச் சரக்கு இறங்கிய பிறகு அதை மறைத்தபடி சட்டைப் பெட்டிகள் கூரை வரை ஏறியிருக்கும். இரவு பத்து மணிக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டினால் மெயினும் உள்ளே போய்விடும். நள்ளிரவில் தெருவில் போகிறவர் புகையைப் பார்த்தாலும் அவரால் மின்சாரத்தை நிறுத்த முடியாது. மின்வாரியத்துக்குச் சொல்லி, தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தி, பிறகுதான் தண்ணீர் அடிக்க வேண்டும்.

பட்டாசுக் கடைக்கு உரிமம் என்றால் மாவட்ட நிர்வாகத்துக்கு விண்ணப்பம், பெருநகரங்களில் காவல் ஆணையருக்கு. வரைபடம், தீயணைப்புத் துறையின் ஆய்வு, காவல் துறையின் ஆய்வு, பிறகு தேதி போட்ட அனுமதி. ஜவுளிக் கடைக்கு எப்போதோ எடுத்த தொழில் உரிமமும் வணிக மின் இணைப்பும் போதும். உயரமான கட்டடமென்றால் தீயணைப்புத் துறையின் சான்று கேட்பார்கள். கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இருக்கும் சின்னக் கடை பெரும்பாலும் அந்தக் கண்ணில் படுவதில்லை. முக்கியமானது இது: பட்டாசுக் கடைக்குப் பண்டிகைக் காலம் என்று ஒரு தனிக் காலம் சட்டத்திலேயே இருக்கிறது. ஜவுளிக் கடையைப் பொறுத்தவரை சட்டத்துக்கு ஐப்பசியும் ஒன்று, ஆனியும் ஒன்று. அங்கே சரக்கு பல மடங்கு, ஆட்கள் பல மடங்கு, மின்சாரம் பல மடங்கு ஆனாலும், காகிதத்தில் அது அதே பழைய கடைதான்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். 'ஓவர் லோடு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழி பொதுவாகச் சீரியல் விளக்குகள் மேல் போகிறது. இன்றைய எல்இடி சீரியல் செட் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. நாலைந்து மாட்டினாலும் ஒரு மின்விசிறி அளவுக்கு வந்தால் அதிகம். சுமையைக் கூட்டுவது வேறு ஆட்கள். விற்ற சட்டையை மடிக்கும் முன் தேய்க்க ஒரு அயர்ன் பாக்ஸ், 1000 வாட். ஊழியர்களுக்கு டீ போட ஒரு மின்சாரக் கெட்டில், 1500 வாட். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். அந்தப் பாக்ஸ் 6 ஆம்பியருக்குச் செய்யப்பட்டது.

ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடியாக ஏறும். 6இலிருந்து 11 ஆனால் சூடு மூன்று மடங்குக்கும் மேல். சாதாரணக் கடை ஒயரின் மேலுறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போகப் போக இளகும், வெடிக்கும், காலப்போக்கில் காப்புத் தன்மையை இழக்கும்.

சுமை மீறினால் தானாக விழும் சுவிட்சான எம்சிபி இருக்கிறதே, அது விழாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் விழாது. கடையின் பவர் லைனுக்கு மாட்டியிருப்பது 16 அல்லது 20 ஆம்பியர் எம்சிபி. அதன் கணக்கில் 11 ஆம்பியர் நியாயமான சுமைதான். அது சுவருக்குள் போகும் தடித்த ஒயரைக் காக்கிறது. தரையில் துணிக்கட்டுக்கு அடியில் ஓடும் மெல்லிய ஒயரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பண்டிகைக் காலத்தில் மின்சாரத் தீயின் பாதை பல கடைகளில் இதுதான்: கருவி கோபித்துக்கொள்ளாத அளவு, பாக்ஸ் தாங்காத அளவு.

இன்னொன்று, தளர்ந்த இணைப்பு. ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், பிளக் சரியாகப் பொருந்தாத பாயிண்ட், தீக்குச்சியைச் செருகி இறுக்கிய ஒயர் முனை (சிரிக்காதீர்கள், இன்றும் நடக்கிறது). சுமை குறைவாக இருந்தாலும் தொடர்பு சரியில்லாத இடத்தில் பொறி பறக்கும், அந்த ஒரு புள்ளி மட்டும் பழுக்கக் காயும். சாதாரண எம்சிபிக்கு இதுவும் தெரியாது. ஆகவேதான் வெடிபொருள் விதி ஒயரில் தொங்கும் விளக்கை வேண்டாம் என்கிறது. தொங்குவது ஆடும், ஆடுவது இணைப்பைத் தளர்த்தும். இந்த அறிவு பட்டாசுக்கு மட்டும் பொருந்துவது எப்படி? துணிக்கும் பொருந்தாதா?

பிறகு மழை. வட இந்தியத் தீபாவளி பெரும்பாலும் வறண்ட வானத்துக்குக் கீழே நடப்பது. நம் தீபாவளி வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிறது. கடை முகப்பில் மூங்கில் சாரம் கட்டி, துணிப் பேனர் இழுத்து, அதில் சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் மாட்டுவது வழக்கம். டேப் சுற்றிய ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் மின்சாரம் தகரப் பலகைக்குப் போகும், அங்கிருந்து ஷட்டருக்குப் போகும், ஷட்டரைத் தொட்ட ஆளுக்குப் போகும். இதைத் தடுக்கத்தான் ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்து ஆளைக் காப்பாற்றும். அதுவே நனைந்த பண்டிகை விளக்கால் அடிக்கடி விழும். வியாபாரம் சூடாக இருக்கும் நேரம் இருட்டானால் முதலாளிக்குப் பொறுக்காது. "அதைத் தூக்கிட்டு நேரா குடுப்பா" என்பார். எலக்ட்ரீஷியன் கொடுத்துவிடுவார். பண்டிகை முடிந்த பிறகும் அதை யாரும் திரும்பப் பொருத்துவதில்லை. பழைய கடைகளில் இதே கதை ஃபியூஸ் கம்பியில் நடக்கும். அடிக்கடி போகிறதென்று ஒயரிலிருந்து உருவிய தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிடுவார்கள். எச்சரிக்கிற பொருள் தொந்தரவாகத் தெரிகிற மாதம் அது.

ஜெனரேட்டரை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். இரண்டு தவறுகள்தான். ஓடிச் சூடான நிலையிலேயே பெட்ரோல் ஊற்றுவது ஒன்று. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக் பாயிண்டிலேயே செருகி மின்சாரத்தைக் கடைக்குள் தள்ளுவது மற்றது. பின்னது கடைக்காரரை விட, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரிய ஊழியருக்கு எமன். தற்காலிகப் பட்டாசுக் கடைகளிலும் இது உண்டு. வரிசைக்கு ஒரு முதன்மைச் சுவிட்ச் என்ற விதி அங்கே ஓரளவு கைகொடுக்கிறது.

இதுவரை படித்தவருக்குப் பட்டாசுக் கடைதான் பத்திரம் என்று நான் வாதாடுவதுபோலத் தோன்றலாம். இல்லை. விதி இருப்பதும் விதிப்படி நடப்பதும் இரண்டு. சங்கராபுரத்தில் வெடித்தது ஊர் நடுவே இருந்த கடை. 2021 ஏப்ரல் 18 அன்று வேலூர் மாவட்டம் லத்தேரியில் ஒரு பட்டாசுக் கடையில் தாத்தாவும் இரண்டு பேரன்களும் பலியானார்கள். 2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கும்போது பிடித்த தீயில் அன்றே 14 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பண்டிகை வேலைக்குப் போன இளைஞர்கள்.

பட்டாசுக் கடையின் பலவீனம் மின்சாரத்தில் அவ்வளவாக இல்லை, அளவில் இருக்கிறது. உரிமத்தில் எழுதிய எடை ஒன்று, கடைக்குள் இருக்கும் எடை வேறு. சரக்கு சிவகாசியிலிருந்து மொத்தமாக வந்தால்தான் விலை கட்டும். வந்த சரக்கை வைக்க இடம் வேண்டும். வீட்டு மாடி, மளிகைக் கடையின் பின்னறை, உறவினர் வீட்டுக் கொட்டகை என்று அது பரவும். 50 மீட்டர் இடைவெளி என்ற கணக்கு அந்த மறைவான அறைகளுக்குத் தெரியாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்ப்பது தகரக் கொட்டகையை, வெடிப்பது பின்னறை.

இங்கேதான் இரண்டு கடைகளும் ஒன்று சேர்கின்றன. இரண்டிலும் பண்டிகைச் சரக்கு தன் இடத்தை விட்டு வெளியே வழிகிறது. பட்டாசு பின்னறைக்கு வழிகிறது. துணி மாடிப்படிக்கு வழிகிறது. பட்டாசு வழிந்தால் குற்றம், பிடிபட்டால் வழக்கு. துணி வழிந்தால் அதை யாரும் குற்றமாகவே எண்ணுவதில்லை, வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று மகிழ்ச்சியாகப் பார்க்கிறோம். ஆனால் ஒரே ஒரு மாடிப்படி உள்ள கடையில் அந்தப் படியில் பாதியைச் சட்டைப் பெட்டிகள் அடைத்துக்கொண்டால், மேல்மாடியில் நிற்கும் நாற்பது பேருக்குத் தப்பும் வழி பாதியாகிறது. புகை எப்போதும் மேலே ஏறும், அதே படி வழியாக. மாடி ஜன்னல்களோ ஏசிக்காகவும் திருட்டுக்காகவும் கம்பி போட்டு, கண்ணாடி அடைத்து, வெளியே பெரிய விளம்பரப் பலகையால் மூடியிருக்கும்.

வேலையாட்கள் விஷயத்திலும் ஒற்றுமைதான் அதிகம். இரண்டு கடைகளும் பண்டிகைக்கென்று புதிதாக ஆள் எடுக்கின்றன. கல்லூரி விடுமுறையில் வந்த பையன், கிராமத்திலிருந்து வந்த பெண், பதினைந்து நாள் சம்பளத்துக்கு. மெயின் எங்கே, பின்கதவுச் சாவி யாரிடம், தீயணைப்பானின் பின்னை எப்படி இழுப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சேலையை மடிக்க மட்டும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஜவுளிக் கடைகளில் வேறொரு பழக்கமும் உண்டு. வெளியூர் ஊழியர்கள் கடையின் மேல்மாடியிலேயே படுத்துக்கொள்வார்கள், கீழே ஷட்டர் வெளியிலிருந்து பூட்டியிருக்கும். சென்னையில் 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் பிடித்த தீயில் இறந்த இருவரும் ஊழியர்கள்தான். பட்டாசுக் கடைக்கு மேலே குடியிருப்பு கூடாது என்று விதி எழுதியவர்கள், துணிக்கடைக்கு மேலே ஆள் தூங்குவதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

தீபாவளிக் காலையில் இரண்டு கடைகளும் வேறொரு விதமாகவும் சந்தித்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து தமிழக அரசு காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று வெடிக்கும் நேரத்தை வகுத்தது. அந்த நேரத்தில் தெருவில் விட்ட ராக்கெட் எங்கே போய் விழுகிறது? மொட்டை மாடியில். ஜவுளிக் கடையின் மொட்டை மாடியில் என்ன இருக்கிறது? சரக்கு வந்த அட்டைப்பெட்டி, சாக்கு, தெர்மகோல், போன வருடத்துப் பந்தல் துணி. கடை பூட்டியிருக்கும், முதலாளி எண்ணெய்க் குளியலில் இருப்பார். இதற்கு உரிமமோ பொறியாளரோ தேவையில்லை. பண்டிகைக்கு முதல்நாள் மாடியைக் கூட்டிவிட்டால் போதும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். சிறு கடைகளுக்கென்று 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான தீக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரையுள்ள தொழிலுக்கு அது. ஜவுளிக் கடைக்காரர்களில் பலர் வங்கிக் கடனுக்காகக் காப்பீடு எடுத்திருப்பார்கள். எடுத்த தொகை சாதாரண மாதத்துச் சரக்கின் மதிப்பு. தீபாவளிக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சரக்கு உள்ளே இருக்கும், அதிலும் பெரும்பகுதி ஈரோட்டிலோ சூரத்திலோ கடனுக்கு எடுத்தது. எரிந்தால் கிடைப்பது பழைய தொகையின் கணக்கில்தான் கிடைக்கும். காப்பீட்டுத் தொகையைப் புரட்டாசியிலேயே கூட்டிக்கொள்ளலாம் என்பதை முகவர்களும் நினைவூட்டுவதில்லை. பட்டாசுக் கடைக்காரர் நிலை இதைவிட மோசம்; உரிமத்துக்கு மீறிய சரக்கு எரிந்தால் அவர் எந்தக் கணக்கைக் காட்டுவார்?

ஆக, இரண்டில் எது அதிக ஆபத்து என்று என்னைக் கேட்டால், ஒரு விபத்து எத்தனை உயிரை எடுக்கும் என்ற கணக்கில் பட்டாசுக் கடை. எத்தனை கடைகளில் விபத்துக்கான விறகு அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கில் ஜவுளிக் கடை. முன்னதைத் திருத்தப் புதுச் சட்டம் தேவையில்லை; இருக்கும் சட்டத்தைப் பின்னறை வரை கொண்டுபோகும் அதிகாரி தேவை. பின்னதைத் திருத்தவும் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பட்டாசுக் கடைக்கு எழுதிய விதியைக் கடன் வாங்கினால் போதும்.

ஜவுளிக் கடைக்காரர்களுக்கு 3 மீட்டர் இடைவெளியோ எரியாத கூரையோ கட்டுப்படியாகாது. அதை நான் கேட்கவில்லை. நான்கு மாசி வீதிகளையும் பிரித்துக் கட்ட முடியாது. ஆனால் மெயினை வெளியே கொண்டுவர முடியும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு அரை நாள் வேலை. ஷட்டருக்கு வெளியே, பூட்டக்கூடிய பெட்டிக்குள், மழை படாமல். அலங்கார விளக்குகளுக்குத் தனி லைன் இழுத்து, அதற்கென்று தனியாக ஓர் ஆர்சிசிபி போட்டால், மழையில் முகப்பு விளக்கு மட்டும் அணையும், கடை அணையாது; அப்போது முதலாளியும் அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டார். கூடுதல் சுமை வேண்டுமென்றால் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேட்டு வாங்க வழி இருக்கிறது. அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டுக்குப் போகட்டும். மின்பலகைப் பக்கம் ஒரு கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான், துணிப் பக்கம் ஒரு ஏபிசி பவுடர் தீயணைப்பான். இரண்டிலும் தேதி பார்த்து. தீயணைப்புத் துறையின் எண் 101; பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

வணிகர் சங்கங்கள் ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன் கூட்டம் போடுகின்றன. இரவு எத்தனை மணி வரை கடை திறக்கலாம், போக்குவரத்தை எங்கே திருப்புவது, தரைக்கடைகளை என்ன செய்வது என்று பேசுகிறார்கள். வரும் புரட்டாசிக் கூட்டத்தில் இன்னும் இரண்டு தீர்மானம் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தத் தெருவில் மெயின் சுவிட்ச் உள்ளே இருக்கும் கடை எதுவும் இருக்கக் கூடாது, ஆள் உள்ளே தூங்கும்போது ஷட்டரை வெளியிலிருந்து பூட்டக் கூடாது.